எபிரேய விவிலியத்தில் தனிமை

எபிரேய விவிலியத்தில் தனிமை என்பது, யூதர்களின் மறைநூல் தொகுப்பான தனாக்கில் தனித்திருத்தல், தனித்து விடப்படுதல், ஒதுக்கி வைக்கப்படுதல், ஒப்பாரின்றி இருத்தல் ஆகிய நிலைகள் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றன என்பதைக் குறிக்கும். இந்நூல்கள் தனிமையைப் பற்றித் தனிக் கோட்பாடு எதையும் வகுத்துக் கூறுவதில்லை. கதைகள், சட்டங்கள், பாடல்கள், புலம்பல்கள் ஆகியவற்றின் ஊடாகவே அது பற்றிய கருத்துகள் வெளிப்படுகின்றன.

பொதுவாக எபிரேய விவிலியம் தனிமையை ஒரு வாழ்க்கை முறையாகப் பரிந்துரைப்பதில்லை. எனினும் அதன் முக்கிய மாந்தர்கள் பலர் வாழ்வின் திருப்புமுனைகளில் தனியாகவே காணப்படுகின்றனர். இவ்விரு போக்குகளுக்கும் இடையே உள்ள இழுவிசையே இப்பொருளின் மையமாகும்.

நூல்களும் பெயர்களும்

எபிரேய விவிலியம் தோரா (சட்டம்), நெவீம் (இறைவாக்கினர்), கெத்துவிம் (எழுத்துகள்) என்ற மூன்று பிரிவுகளைக் கொண்டது. யூத மரபில் இதில் 24 நூல்கள் உள்ளன. இதே நூல்களைச் சீர்திருத்தத் திருச்சபையினர் வேறு வகையில் பிரித்து, பழைய ஏற்பாட்டின் 39 நூல்களாகக் கணக்கிடுகின்றனர்.

தமிழில் இந்நூல்களுக்கு இருவகைப் பெயர்கள் வழங்குகின்றன. 1995 இல் வெளியான திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பில் தொடக்கநூல், திருப்பாடல்கள், சபை உரையாளர் என்று உள்ளவை, பழைய மொழிபெயர்ப்பில் முறையே ஆதியாகமம், சங்கீதம், பிரசங்கி எனப்படுகின்றன. இக்கட்டுரையில் முதல் வகைப் பெயர்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன. எபிரேய மூலத்தின் வசன எண்கள் சில இடங்களில் தமிழ் விவிலியத்தின் எண்களிலிருந்து ஒன்று வேறுபடும். இங்கு தமிழ் எண்களே தரப்பட்டுள்ளன.

சொற்கள்

தமிழில் தனிமை என்ற ஒரே சொல் விரும்பித் தனித்திருப்பதையும் துணையின்றித் தவிப்பதையும் குறிக்கிறது. விவிலிய எபிரேயத்தில் இவ்விரண்டையும் பொதுவாகக் குறிக்கும் ஒரு பெயர்ச்சொல் வழக்கில் இல்லை. மாறாக, தனித்திருப்பவரின் நிலையைச் சுட்டும் பல சொற்கள் உள்ளன.

* லெவத்: தனியாக, மட்டும் என்று பொருள்படும். பிரிவு என்னும் பொருளுடைய பத் என்ற சொல்லிலிருந்து உருவானது. மனிதருக்கும் கடவுளுக்கும் பயன்படுத்தப்படுகிறது.
* பதாத்: பிரிந்து தனித்து இருக்கும் நிலை. நோயாளி, நகரம், நாடு, மக்களினம் ஆகியவற்றைக் குறித்து வருகிறது. ஓர் இடத்தில் தண்டனையையும் மற்றோர் இடத்தில் பாதுகாப்பையும் உணர்த்துகிறது.
* போதேத்: கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஒற்றை உயிர். கூரைமேல் தனித்திருக்கும் பறவை (திருப்பாடல்கள் 102:7), தனித்துத் திரியும் காட்டுக்கழுதை (ஓசேயா 8:9) ஆகியவை எடுத்துக்காட்டுகள்.
* யாஹித்: ஒரே ஒருவர். ஆபிரகாமின் மகன் ஈசாக்கு இவ்வாறு குறிப்பிடப்படுகிறான் (தொடக்கநூல் 22:2). இதன் பெண்பால் வடிவம் இப்தாவின் ஒரே மகளைக் குறிக்கிறது (நீதித் தலைவர்கள் 11:34). துணையற்றவர் என்ற பொருளிலும் வரும் (திருப்பாடல்கள் 25:16).
* ஷோமேமா: பாழான, வெறுமையான. நிலத்தையும் பெண்ணையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாகும்.
* கல்முத்: மலடான, வெறுமையான. அரிதாக வரும் இச்சொல் யோபு நூலிலும் எசாயா நூலிலும் காணப்படுகிறது.

இவற்றுள் யாஹித் என்ற சொல் குறிப்பிடத்தக்கது. ஒன்றாக, சேர்ந்து என்று பொருள்படும் யஹத் என்ற சொல்லும் இதே மூன்று மெய்யெழுத்துகளாலான வேரிலிருந்து பிறந்தது. ஒற்றையாக இருப்பதும் ஒன்றாக இருப்பதும் எபிரேய மொழியில் ஒரே வேரைக் கொண்டுள்ளன.

முதல் மனிதனின் தனிமை

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில், படைக்கப்பட்டவை நல்லவை என்று ஏழு முறை கூறப்படுகிறது. ஏழாவது முறை மிகவும் நன்று எனப்படுகிறது. இரண்டாம் அதிகாரத்தில்தான் நன்றன்று என்ற கூற்று முதன்முறையாக இடம்பெறுகிறது. அது மனிதன் தனியாக இருப்பதைப் பற்றியது (2:18). இதற்கான எபிரேயச் சொற்கள் லோ தோவ் என்பனவாகும்.

இக்கதையில் தனிமை ஒரு பாவத்தின் விளைவாக வருவதில்லை. மனிதன் விலக்கப்பட்ட கனியை உண்ணும் முன்பே, தோட்டத்தில் எல்லாம் நிறைவாக இருக்கும் வேளையிலேயே, இக்குறை சுட்டப்படுகிறது. கடவுள் உடனிருப்பதும் அக்குறையைத் தீர்த்ததாகக் கதை கூறவில்லை. விலங்குகள் மனிதன் முன் கொண்டுவரப்படுகின்றன. அவன் அவற்றுக்குப் பெயரிடுகிறான். ஆனால் தகுந்த துணை கிடைக்கவில்லை. அதன் பின்னரே பெண் உருவாக்கப்படுகிறாள்.

துணையைக் குறிக்க இங்கு ஏஸர் கெநெக்தோ என்ற தொடர் பயன்படுத்தப்படுகிறது. ஏஸர் என்பது உதவி. இச்சொல் விவிலியத்தில் பல இடங்களில் கடவுள் அளிக்கும் உதவியைக் குறிப்பதால், அது தாழ்ந்த நிலையைக் காட்டும் சொல் அன்று. கெநெக்தோ என்பது அவனுக்கு எதிரே, அவனுக்கு நேராக என்று பொருள்படும். முகத்துக்கு முகம் நிற்கக்கூடிய இன்னொருவர் இல்லாமையே இங்கு தனிமை எனப்படுகிறது.

தனித்திருக்கையில் நிகழும் சந்திப்புகள்

யாக்கோபு

தன் அண்ணன் ஏசாவைச் சந்திக்க அஞ்சிய யாக்கோபு, குடும்பத்தையும் உடைமைகளையும் யாப்போக்கு ஆற்றைக் கடக்கச் செய்துவிட்டுத் தனித்து எஞ்சினார் (தொடக்கநூல் 32:24). அவ்விரவு ஒருவர் விடியும்வரை அவரோடு மற்போரிட்டார். அதன் முடிவில் யாக்கோபுக்கு இசுரயேல் என்ற பெயர் கிடைத்தது. இடுப்பில் அடிபட்டு நொண்டியபடியே அவர் அவ்விடத்தை விட்டு நீங்கினார். ஒரு மக்களினம் முழுவதற்குமான பெயர், ஒரு மனிதன் தனியாக இருந்த இரவில் வழங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகார்

சாராவின் எகிப்தியப் பணிப்பெண் ஆகார், கொடுமை தாளாது பாலைநிலத்துக்கு ஓடிப்போகிறார் (தொடக்கநூல் 16). அங்கு நீரூற்றின் அருகே வானதூதர் அவரிடம் பேசுகிறார். ஆகார் கடவுளுக்கு எல் ரொயி என்று பெயரிடுகிறார். இப்பெயர் காண்கின்ற இறைவன் என்று விளக்கப்படுகிறது. ஒரு வீட்டில் எவராலும் பொருட்படுத்தப்படாத அடிமைப்பெண், தான் காணப்பட்டதாக உணர்வது இக்கதையின் சிறப்பாகும்.

மோசே

மோசே சீனாய் மலையில் நாற்பது பகலும் நாற்பது இரவும் தங்கினார். மலையில் கடவுளை அணுகுவது அவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது (விடுதலைப் பயணம் 24:2). ஆயினும் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. சட்டப் பலகைகளுடன் மக்களிடம் திரும்பி வருவதே அப்பயணத்தின் நோக்கமாக இருந்தது.

தலைமையும் தனிமையும்

மோசே காலை முதல் மாலை வரை தனியாக அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்து வந்ததை அவருடைய மாமனார் இத்திரோ கண்டார். அவர் செய்வது நன்றன்று என்று இத்திரோ எச்சரித்தார் (விடுதலைப் பயணம் 18:17). முதல் மனிதனின் தனிமையைக் குறிக்கப் பயன்பட்ட அதே லோ தோவ் என்னும் சொற்கள் இங்கும் வருகின்றன. ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்தும்படி இத்திரோ அறிவுரை கூறினார்.

எண்ணிக்கை நூலில், மக்களின் சுமையைத் தனியாகத் தாங்க இயலாது என்று மோசே கடவுளிடமே முறையிடுகிறார். அந்தச் சுமை தொடர்வதைவிடச் சாவதே மேல் என்னும் அளவுக்கு அவர் மனம் உடைகிறது. அதற்கு விடையாக மூப்பர்கள் எழுபது பேர் அவருடன் பொறுப்பைப் பகிர்ந்துகொள்கின்றனர் (11:14–17).

இறைவாக்கினரின் தனிமை

எலியா

கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே, தான் ஒருவனே எஞ்சியிருப்பதாக எலியா அறிவிக்கிறார் (1 அரசர்கள் 18:22). ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், ஒபதியா என்பவர் இறைவாக்கினர் நூறு பேரைக் குகைகளில் ஒளித்துவைத்து உணவளித்தது கூறப்பட்டுள்ளது. இச்செய்தி எலியாவிடமும் தெரிவிக்கப்படுகிறது.

ஈசபேல் அரசிக்கு அஞ்சித் தப்பியோடிய எலியா, பாலைநிலத்தில் தன் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு கடவுளை வேண்டுகிறார். அப்போது அவருக்கு முதலில் கிடைப்பது அறிவுரை அன்று. அப்பமும் தண்ணீரும் உறக்கமுமே. பின்னர் ஓரேபு மலையில், காற்று, நிலநடுக்கம், தீ ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு மெல்லிய ஒலியில் கடவுளின் வருகையை உணர்கிறார். அதற்கு முன்னும் பின்னும், அங்கு என்ன செய்கிறாய் என்ற ஒரே கேள்வி அவரிடம் கேட்கப்படுகிறது. தான் ஒருவனே எஞ்சியிருப்பதாக எலியா இருமுறையும் ஒரே விடையைக் கூறுகிறார். பாகாலை வணங்காத 7,000 பேர் இருப்பதாகவும், எலிசாவைத் தன் இடத்தில் அமர்த்த வேண்டும் என்றும் அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. வந்த வழியே திரும்பிச் செல்லும்படியும் பணிக்கப்படுகிறார்.

எலியாவின் துயரம் உண்மையானது; அவருடைய கணக்குத் தவறானது. இக்கதை இரண்டையும் மறைக்காமல் கூறுகிறது.

எரேமியா

எரேமியா திருமணம் செய்துகொள்ளக்கூடாது என்றும், இழவு வீட்டுக்கோ விருந்து வீட்டுக்கோ செல்லக்கூடாது என்றும் கட்டளை பெற்றார் (எரேமியா 16). வரவிருக்கும் அழிவுக்கு அவருடைய தனித்த வாழ்வே ஓர் அடையாளமாக அமைந்தது. மகிழ்ந்திருப்போர் கூட்டத்தில் அமராமல் தனித்து அமர்ந்ததாக அவர் வருந்துகிறார் (15:17). இது துறவியின் தேர்வு அன்று. தன்மேல் சுமத்தப்பட்ட பணியின் விலை என்றே அவர் அதனை உணர்கிறார். எனினும் எழுத்தர் பாரூக்கு அவருடன் இருந்தார். சேறு நிறைந்த கிணற்றில் அவர் போடப்பட்டபோது, எத்தியோப்பியரான எபேது மெலேக்கு என்பவர், கயிறு அறுக்காதபடி அக்குள்களில் வைத்துக்கொள்ளப் பழந்துணிகளையும் கொடுத்து அவரை மேலே தூக்கினார் (38:7–13).

ஒதுக்கப்பட்டோரின் தனிமை

தோல்நோயாளர்

லேவியர் நூலின்படி, சாராத் என்னும் தோல்நோய் கொண்டவர் பாளையத்துக்கு வெளியே தனியாக வாழவேண்டும் (13:46). இங்கு பதாத் என்ற சொல் பயன்படுகிறது. மொழிபெயர்ப்புகளில் இது நெடுங்காலமாகத் தொழுநோய் என்று வழங்கி வந்தாலும், அங்கு விவரிக்கப்படும் அறிகுறிகள் இன்றைய மருத்துவத்தில் தொழுநோய் எனப்படும் நோயுடன் பொருந்தவில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்தாகும். ஆடைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் தோன்றும் கறைகளுக்கும் இதே சொல் பயன்படுத்தப்பட்டுள்ளது.

இந்நோய் புறங்கூறுதலுக்கான தண்டனை என்றும், பிறரைப் பிரித்தவர் தாமும் பிரிக்கப்படுகிறார் என்றும் பிற்கால யூத அறிஞர்கள் விளக்கினர். லேவியர் நூலின் சட்டமோ நோய்க்கான காரணம் எதையும் கூறவில்லை. குணமடைந்தவர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படும் சடங்கினையும் அந்நூல் விரிவாக வகுத்துள்ளது (14).

மோசேயின் சகோதரி மிரியாம் இந்நோயால் ஏழு நாள்கள் பாளையத்துக்கு வெளியே வைக்கப்பட்டார். அவர் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படும்வரை மக்கள் பயணத்தைத் தொடரவில்லை (எண்ணிக்கை 12:15). ஒதுக்கிவைத்தலும் காத்திருத்தலும் இங்கு ஒரே வசனத்தில் இணைந்துள்ளன.

தாமார்

தாவீதின் மகள் தாமார், வேறு தாய்க்குப் பிறந்த தன் சகோதரன் அம்னோனால் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார் (2 சாமுவேல் 13). அவருடைய உடன்பிறந்த சகோதரன் அப்சலோம் அவரை மௌனமாக இருக்கும்படி கூறினான். தாவீது கடும் சினம் கொண்டாலும் அம்னோனைத் தண்டித்ததாகக் கூறப்படவில்லை. தாமார் அப்சலோமின் வீட்டில் ஷோமேமாவாக, அதாவது பாழ்நிலம்போல், தங்கிவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அப்சலோம் அம்னோனைக் கொல்விக்கிறான். ஆனால் தாமாரின் வாழ்வு பின்னர் என்னவாயிற்று என்று நூல் கூறவில்லை. அப்சலோம் தன் மகளுக்குத் தாமார் என்ற பெயரை வைத்திருந்தது மட்டும் தெரிகிறது (14:27). எபிரேய விவிலியத்தில் ஆறுதல் எதுவும் இணைக்கப்படாத தனிமைகளுள் இது ஒன்றாகும்.

நகரத்தின் தனிமை

பாபிலோனியர் ஏறத்தாழ கி.மு. 586 இல் எருசலேமை அழித்தனர். அந்த அழிவைப் பாடும் புலம்பல் நூல், மக்கள் நிறைந்திருந்த நகரம் கைம்பெண்போல் தனித்து அமர்ந்திருக்கும் காட்சியுடன் தொடங்குகிறது. தோல்நோயாளருக்குப் பயன்பட்ட பதாத் என்ற சொல்லே இங்கு நகரத்துக்குப் பயன்படுகிறது. தேற்றுவார் எவரும் இல்லை என்ற கருத்து முதல் அதிகாரத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது.

இந்நூலின் எபிரேயப் பெயர் ஏக்கா என்பதாகும். அது நூலின் முதற்சொல். ஐயோ எப்படி என்று வியந்து வருந்தும் சொல். தொடக்கநூலில் கடவுள் ஆதாமை எங்கே இருக்கிறாய் என்று கேட்கும் அய்யேக்கா என்ற சொல்லும் (3:9) அதே மெய்யெழுத்துகளால் எழுதப்படுகிறது. பழைய யூத விளக்கவுரைகள் இவ்விரண்டையும் இணைத்து, தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டதையும் எருசலேமிலிருந்து நாடுகடத்தப்பட்டதையும் ஒப்பிடுகின்றன.

ஆபு மாதம் ஒன்பதாம் நாள் நோன்பின்போது யூதர்கள் தரையிலோ தாழ்ந்த இருக்கைகளிலோ அமர்ந்து இந்நூலை வாசிக்கின்றனர். அதனை அடுத்து வரும் ஓய்வுநாளில், ஆறுதல் கூறுதலோடு தொடங்கும் எசாயா 40 ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. தேற்றுவார் இல்லை என்ற புலம்பலுக்கு இது மறுமொழியாக அமைகிறது.

பாடல்களிலும் ஞான நூல்களிலும் தனிமை

திருப்பாடல்கள்

திருப்பாடல்கள் நூலின் 150 பாடல்களுள் பல, நண்பராலும் உறவினராலும் கைவிடப்பட்டவரின் குரலில் அமைந்துள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை நம்பிக்கையிலோ நன்றியிலோ முடிகின்றன. 88 ஆம் பாடல் இதற்கு விலக்காகும். அது நண்பர்கள் விலக்கப்பட்டதையும் இருளையும் கூறி, அப்படியே முடிந்துவிடுகிறது. அதேவேளை, 68 ஆம் பாடல் தனித்திருப்போருக்கு வீடு அமைத்துத் தருபவராகக் கடவுளைப் போற்றுகிறது (68:6).

யோபு

யோபுவின் நண்பர்கள் மூவர் ஏழு பகலும் ஏழு இரவும் அவருடன் தரையில் பேசாமல் அமர்ந்திருந்தனர் (2:13). அவர்கள் பேசத் தொடங்கிய பின்னரே யோபுவின் தனிமை மிகுகிறது. 19 ஆம் அதிகாரத்தில் சகோதரர், அறிமுகமானோர், உற்றார், பணியாளர், மனைவி, சிறுவர் என ஒவ்வொருவராக விலகிப்போனதை அவர் பட்டியலிடுகிறார். நூலின் முடிவில் உற்றார் திரும்பிவந்து அவர் வீட்டில் உணவருந்துகின்றனர் (42:11).

இழவு வீட்டுக்குச் செல்வோர், துயருற்றவர் பேசும்வரை தாம் பேசாதிருக்கவேண்டும் என்னும் யூத வழக்கம், இக்கதையை அடிப்படையாகக் கொண்டது.

சபை உரையாளர்

சபை உரையாளர் நூல் தனிமையை உழைப்போடு தொடர்புபடுத்துகிறது (4:7–12). மகனோ சகோதரனோ இல்லாத ஒருவர் ஓயாது உழைக்கிறார். யாருக்காக உழைக்கிறேன் என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. இருவர் இருப்பதன் நன்மைகளாக இந்நூல் கூறுபவை எளியவை: விழுந்தால் தூக்கிவிடுதல், குளிரில் ஒருவருக்கொருவர் சூடளித்தல், தாக்குவோரை எதிர்த்து நிற்றல்.

மக்களினத்தின் தனிமை

இசுரயேலரைச் சபிக்க வரவழைக்கப்பட்ட பிலயாம், அவர்களைத் தனித்து வாழும் மக்களாகக் காண்கிறார் (எண்ணிக்கை 23:9). மோசேயின் இறுதி ஆசியுரையிலும் பாதுகாப்பான வாழ்வோடு இணைந்து பதாத் என்ற சொல் வருகிறது (இணைச்சட்டம் 33:28). எனவே ஒரே சொல் ஓரிடத்தில் ஆசியாகவும் புலம்பல் நூலில் சாபமாகவும் அமைந்துள்ளது.

இசுரயேல் நாட்டுத் தூதுவரும் சிந்தனையாளருமான யாக்கோவ் எர்சோகின் (1921–1972) கட்டுரைத் தொகுப்பு, அவரது மறைவுக்குப் பின் 1975 இல், தனித்து வாழும் மக்கள் என்ற பிலயாமின் கருத்தையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்தது. இத்தனிமை பெருமைக்குரியதா, சுமையா, ஆபத்தானதா என்ற விவாதம் யூதச் சிந்தனையில் தொடர்ந்து வருகிறது.

கடவுளின் தனிமை

லெவத் என்ற சொல் கடவுளுக்குப் பயன்படும்போது ஒப்பற்ற நிலையைக் குறிக்கிறது (திருப்பாடல்கள் 86:10; நெகேமியா 9:6). இது குறைபாடாகக் கருதப்படுவதில்லை. பிரான்சு நாட்டு யூத உரையாசிரியர் இராசி (1040–1105), முதல் மனிதனின் தனிமை நன்றன்று எனப்பட்டதற்கு இதனையே காரணமாகக் காட்டுகிறார். விண்ணில் கடவுள் துணையின்றி ஒருவராக இருப்பதுபோல, மண்ணில் மனிதனும் துணையின்றி இருந்தால், இரு தலைமைகள் உள்ளன என்று எண்ண நேரும் என்பது அவர் கருத்து. இவ்விளக்கத்தின்படி தனித்திருத்தல் கடவுளுக்கு மட்டுமே உரியது. துணை தேடுவது மனித இயல்பு.

பிற்கால வளர்ச்சி

* சாக்கடல் சுருள்களை எழுதிப் பயன்படுத்திய குழுவினர் பாலைநிலத்துக்குப் பிரிந்து சென்றாலும், தம்மை யஹத், அதாவது ஒன்றாக இருப்போர், என்று அழைத்துக்கொண்டனர். இச்சுருள்கள் 1947 முதல் கண்டெடுக்கப்பட்டன.
* யூதப் பொதுவழிபாட்டின் சில பகுதிகளை நடத்தக் குறைந்தது பத்துப் பேர் தேவை. மிசுனாவில் இடம்பெறும் இல்லேல் என்னும் அறிஞரின் கூற்று ஒன்று, சமூகத்தை விட்டுப் பிரிந்து நிற்பதற்கு எதிராக எச்சரிக்கிறது.
* இடைக்காலத்தில் தனித்திருந்து தியானிக்கும் ஹித்போதெதுத் என்னும் பயிற்சி வளர்ந்தது. எகிப்தில் வாழ்ந்த ஆபிரகாம் மைமோனிடசு (1186–1237) இதனை வலியுறுத்தினார். அவரிடம் இசுலாமிய சூஃபி மரபின் தாக்கம் காணப்படுகிறது. பின்னர் பிரெசுலவ் நகரின் நக்மன் (1772–1810), நாள்தோறும் தனித்திருந்து தம் சொந்தச் சொற்களில் கடவுளிடம் பேசுமாறு சீடர்களுக்குக் கற்பித்தார்.
* யோசேப்பு சொலவைச்சிக் (1903–1993) 1965 இல் வெளியிட்ட, நம்பிக்கை கொண்ட மனிதனின் தனிமை பற்றிய கட்டுரை, தொடக்கநூலின் முதலிரு அதிகாரங்களில் இருவகை மனிதர்களைக் காண்கிறது. ஒருவன் உலகை ஆள்பவன். மற்றவன் தன் தனிமையை உணர்ந்து உறவைத் தேடுபவன். இருவரும் ஒரே மனிதனுக்குள் வாழ்கின்றனர் என்பது அவர் கருத்து.

தற்கால எபிரேயத்தில்

விவிலியத்தின் பதாத் என்னும் சொல்லின் வேரிலிருந்து தற்கால எபிரேயத்தில் பல சொற்கள் வழங்குகின்றன. பெதிதுத் என்பது துணையின்றித் தவிக்கும் தனிமையையும், ஹித்போதெதுத் என்பது விரும்பி மேற்கொள்ளும் தனிமையையும் குறிக்கும். பிதுத் என்பது மின்கம்பியின் காப்புறைக்கும் நோயாளியைத் தனிமைப்படுத்துவதற்கும் பொதுவான சொல்லாகும். 2020 இல் தொடங்கிய கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில், வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டோரின் நிலை இசுரயேலில் இச்சொல்லாலேயே குறிப்பிடப்பட்டது. லேவியர் நூலில் பாளையத்துக்கு வெளியே அமர்ந்திருந்தவரைக் குறித்த சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

இவற்றையும் பார்க்கவும்

* எபிரேய விவிலியம்
* புலம்பல் (நூல்)
* யோபு (நூல்)
* சபை உரையாளர் (நூல்)
* எலியா
* சாக்கடல் சுருள்கள்